சுவர் பக்கத்துப் போல்ட்டுகள்

பட்டறைக்காரருக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்தது. மாமனார் வீட்டுச் சாப்பாட்டின் மேல் பழி போட முடியாது. அவர் இன்னும் சாப்பிடவே இல்லை. எரிச்சலுக்கான காரணம் பின்பக்கக் கொட்டகையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தது. சட்டைக் கையை இரண்டு பக்கமும் ஒரே அளவாக மடித்துவிட்டுக்கொண்டு, மாமனாரின் குட்டி டிராக்டருடைய எஞ்சினைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை, அவருடைய சகலைதான். மனைவியின் தங்கையைக் கட்டியவர்.

இருபத்திரண்டு வருஷமாகச் சொந்தமாக வண்டி ரிப்பேர்ப் பட்டறை வைத்திருக்கிற மனிதர் பட்டறைக்காரர். அவர் கையைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொல்வார்கள். யாரும் சொல்லாவிட்டால் அவரே சொல்லிக்கொள்வார். சகலையோ வெளியூரில் எஞ்சின் கோர்க்கிற தொழிற்சாலையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். பத்து நாள் லீவில் வந்திருந்தார். வந்து இறங்கிய பெட்டியில் துணிமணியோடு நீளமாக ஒரு சாமானும் துண்டில் சுற்றி இருந்தது. அதைப் பார்த்த நிமிஷத்திலேயே பட்டறைக்காரருக்கு மனசு சரியில்லை.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பது வருஷம் பெரிய வண்டி ஓட்டிய ஏக்கமோ என்னவோ, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அரை ஏக்கர் தோட்டத்துக்கு என்று இந்தப் பழைய குட்டி டிராக்டரை வாங்கி வைத்திருந்தார். இரண்டே சிலிண்டர். அவருடைய மூத்த மகளைவிட அதற்கு வயது அதிகம். அதன் ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டருக்கும் மேலே மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற தகடு, இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை எரிந்துபோனது. இரண்டு தடவையும் மாற்றிப் போட்டவர் பட்டறைக்காரர். முதலாவது நாலு மாதம் தாங்கியது. இரண்டாவது அஞ்சு வாரம். "கேஸ்கெட் மட்டமான சரக்கு மாமா, என்ன பண்றது" என்று இரண்டு தடவையும் அவர் சொன்னார். அத்தோடு விடாமல், எரிந்த இரண்டையும் கொட்டகைச் சுவரில் ஓர் ஆணி அடித்து மாட்டிவைத்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டி, கேஸ்கெட் செய்தவனைத் திட்டுவதற்கு வசதியாக இருந்தது.

மூன்றாவது கேஸ்கெட் கிடைக்க மூன்று மாதம் ஆனது. ஏதோ ஒரு பழைய கடையின் அலமாரி மூலையில் ஒன்றே ஒன்று கிடந்ததாம். இனிமேல் எங்கேயும் கிடைக்காது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டாராம். இதுவும் போனால் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். அதைக் கையில் வாங்கிக்கொண்டு வந்த மாமனார், பட்டறைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூத்த மகளிடம் சொன்னார், சின்ன மாப்பிள்ளை லீவில் வருகிறாரே, அவர் கையால் போட்டுப் பார்ப்போம் என்று. மகள் அதை அப்படியே கொண்டுவந்து கணவர் காதில் போட்டாள். அவர் கையால்! அப்படியென்றால் இந்தக் கை என்ன, கொசு விரட்டுகிற கையா?

சகலை வேலை தொடங்கிய விதமே பட்டறைக்காரருக்குப் பிடிக்கவில்லை. டிராக்டர் எப்போதும் ஒரு பக்கம் சுவரை ஒட்டித்தான் நிற்கும். முதல் காரியமாக, அதைச் சுவரிலிருந்து நாலடி தள்ள வேண்டும் என்றார். எல்லாருமாகத் தள்ளினார்கள். பட்டறைக்காரரும் ஒப்புக்குக் கை வைத்தார். அப்புறம் சகலை ஹெட்டைக் கழற்றி, அதைப் பிடிக்கிற போல்ட் பத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். போல்ட் இறங்குகிற ஓட்டை ஒவ்வொன்றையும் துணி விட்டுத் துடைத்து, சைக்கிள் பம்ப் வைத்துக் காற்றடித்தார். அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளுமாம். கைக்கு இறுகினது போல இருக்கும், ஹெட்டைப் பிடித்திருக்காது என்று மாமனாருக்கு விளக்கினார். மாமனார் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த முக்காலிதான் பட்டறைக்காரரை ரொம்பச் சுட்டது. தான் வேலை செய்த இரண்டு தடவையும் மாமனார் இப்படி முக்காலி போட்டு உட்கார்ந்தாரா? இல்லை. "நீங்க போய்ப் படுங்க மாமா, இதெல்லாம் எனக்கு ஜுஜுபி" என்று இரண்டு தடவையும் அவரை விரட்டிவிட்டது யார் என்பது இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. பொறாமைக்காரர்களுக்கு ஞாபக சக்தி கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.

புது கேஸ்கெட்டையும் அதன் மேல் ஹெட்டையும் வைத்துவிட்டுத் துண்டைப் பிரித்தார் சகலை. உள்ளே டார்க் ரெஞ்ச். பிடியைத் திருகி ஓர் எண்ணில் வைத்துக்கொண்டு இழுத்தால், அந்த அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று சொல்லும். பட்டறைக்காரர் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறார், வாங்கியதில்லை. மாமனார் ஒரு கறை படிந்த ஜெராக்ஸ் தாளை வைத்துக்கொண்டு இறுக்க வேண்டிய வரிசையையும் எண்ணையும் படிக்க, சகலை நடுவில் இருக்கும் போல்ட்டில் தொடங்கி, எதிர் வரிசைக்குப் போய், மறுபடி இந்தப் பக்கம் வந்து, கடைசியில் மூலைகளுக்குப் போனார். ஒரே மூச்சில் இறுக்கவும் இல்லை. குறைந்த எண்ணில் ஒரு சுற்று, கூட்டி ஒரு சுற்று, முழு அளவில் மூன்றாவது சுற்று. வரிசை மாறும்போதெல்லாம் எழுந்து எஞ்சினைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றுதான் இழுத்தார். முப்பது தடவை 'டக்'. ஒவ்வொரு 'டக்'குக்கும் மாமனார் தலையை ஆட்டினார். என்னென்ன எண் வைத்தார் என்று பட்டறைக்காரர் கவனிக்கவில்லை. கவனித்தால் மரியாதை என்ன ஆவது? மூலையில் ஸ்பேனர்களைப் பெரிதாகச் சத்தம் வருகிற மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் சகலை ரெஞ்சின் பிடியைத் திருகிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்தார். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் களைத்துப்போகுமாம். ஒரு ரெஞ்சுக்கு இத்தனை உபசாரமா என்று பட்டறைக்காரர் உள்ளுக்குள் சிரித்தார். சிரிப்பு உதடு வரைக்கும் வரவில்லை.

சாப்பிடும்போது பேச்செல்லாம் சகலையைப் பற்றியே. மனைவியாவது தன் பக்கம் இருப்பாள் என்று பார்த்தால், அவளும் தங்கையிடம், உன் வீட்டுக்காரர் கை என்ன சுத்தம், எங்க வீட்டில் கதவெல்லாம் தினமும் கிரீஸ் கறை என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பி, முகத்தை ஏன் இப்படித் தூக்கி வைத்திருக்கிறீர்கள், சோற்றில் கல்லா என்று கேட்டாள். மூன்று மணிக்கு வண்டியை ஓட்டிப் பார்ப்பதாக முடிவு செய்துவிட்டு எல்லாரும் கொஞ்ச நேரம் படுத்தார்கள்.

அவருக்குத் தூக்கம் வருமா? பத்து நிமிஷம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனார். ஒரே ஒரு போல்ட். சுவர் பக்கத்து மூலையில் இருப்பதைக் கால் சுற்று தளர்த்திவிட்டால் போதும். மூன்று மணிக்கு வண்டி ஓடும், அந்த மூலையில் கொஞ்சம் புகையும், மாமனார் முகம் சுருங்கும். உடனே நிறுத்திவிட்டால் கேஸ்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சத்தியமும் செய்துகொண்டார். கிடைத்த கடைசிக் கேஸ்கெட் அது என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வயிற்றெரிச்சல் வந்த மனுஷனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

தன் நீள ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். போல்ட் ஒரு நொடி அடம்பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்தது. எவ்வளவு அழுத்தத்தில் விட்டுக்கொடுத்தது என்பது கையில் நின்றது. வேலை முடிந்தது, போயிருக்கலாம். ஆனால் பக்கத்துப் போல்ட் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கை பரபரத்தது. மாட்டி அழுத்தினார். அதே இடத்தில், அதே அழுத்தத்தில் விட்டுக்கொடுத்தது. மூன்றாவதும் அப்படியே. நாலாவதிலாவது ஒரு குறை அகப்படாதா என்று பார்த்தார். அகப்படவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பழகிய கை அல்லவா, பொய் சொல்லுமா? பத்தாவது போல்ட்டும் அதே மாதிரி விட்டுக்கொடுத்தபோது அவருக்குத் தெரிந்துபோனது. இந்த மாதிரி ஒரு சமம் அவருடைய இறுக்கில் ஒரு நாளும் இருந்ததில்லை. சகலை கெட்டிக்காரர் என்று மற்றவர்கள் சொன்னபோது எரிந்ததைவிட, தன் கையே அதைச் சொன்னபோது பத்து மடங்கு எரிந்தது.

அப்புறம்தான் உறைத்தது, பத்து போல்ட்டும் தளர்ந்து கிடக்கிறது என்று.

உள்ளே தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. யாரோ எழுந்துவிட்டார்கள். டார்க் ரெஞ்சை எடுத்தார். பிடியில் பூஜ்யம். எந்த எண் என்று யாரைக் கேட்பது? ஜெராக்ஸ் தாள் மாமனார் சட்டைப் பையில் தூங்கிக்கொண்டிருந்தது. ரெஞ்சை வைத்துவிட்டுத் தன் ஸ்பேனரையே எடுத்தார். நின்ற இடத்தில் நின்று, முன் வரிசை ஐந்தையும் தம் பிடித்து இறுக்கினார். பிறகு எஞ்சின் மேல் குனிந்து, கையை நீட்டி, எதிர் வரிசை ஐந்தையும் இறுக்கினார். வண்டிதான் இப்போது சுவரிலிருந்து நாலடி தள்ளி நிற்கிறதே, சுற்றிப் போய் நின்று இழுக்கலாமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பழக்க தோஷம். மனைவி டீ எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் மறுபடி ஸ்பேனர் அடுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மாமனாரே முன்னால் கம்பியைப் போட்டுச் சுழற்றினார். இரண்டாவது சுழற்றலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை, கசிவு இல்லை. மாமனார் காதைச் சாய்த்துக் கேட்டார், தோட்டத்தில் இரண்டு சுற்று ஓட்டினார், முகமெல்லாம் பல்லாக இறங்கினார். பார்த்தீர்களா, வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார், பார்த்தது மட்டும் பட்டறைக்காரரை.

இப்போது அவர் அவஸ்தையைக் கேட்கவே வேண்டாம். இறுக்கியது யார்? இவர். பாராட்டு யாருக்கு? சகலைக்கு. தனக்கு வர வேண்டிய பாராட்டைக் கண் முன்னால் இன்னொருத்தர் வாங்கிக்கொண்டு நிற்க, சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவித்தார். சகலையாவது சும்மா வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"ஓடினா மட்டும் போதாது மாமா" என்றார் சகலை. "நல்லா சூடாகி, முழுசா ஆறணும். ஆறினதும் பத்தையும் மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்த்தாதான் வேலை முடிஞ்சதா அர்த்தம்."

பட்டறைக்காரர் இந்தக் கடைசி வேலையை வாழ்நாளில் செய்ததில்லை. ஓடியதா, கையைக் கழுவு என்பதுதான் அவர் சட்டம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே, லீவில் வந்த மனுஷனுக்கு ஓய்வு வேண்டாமா என்று பரிந்து பேசிப் பார்த்தார். திடீரென்று உங்களுக்கு என்ன சகலை மேல் இத்தனை பாசம் என்று மனைவி கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். ஆறு மணி வரைக்கும் கொட்டகையையே சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் மேல் கை வைத்து வைத்துப் பார்த்தார். அது சொன்னபடி ஆறிக்கொண்டே வந்தது.

ஆறு மணிக்குச் சகலை பிடியைத் திருகி எண் வைத்து, நடுவில் ஆரம்பித்தார். முன் வரிசையில் போல்ட் அசைவதற்குள் 'டக்' என்றது. சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். இழுத்தார். 'டக்' வரவில்லை. கால் சுற்று போன பிறகுதான் வந்தது. அடுத்ததைத் தொட்டார், அதுவும் அப்படியே. மூலையில் இருந்தது கிட்டத்தட்ட அரைச் சுற்று போனது. அந்த மூலையில், ஹெட்டுக்குக் கீழே, நூல் பிடித்த மாதிரி கறுப்பாக ஈரம் கசிந்திருந்தது.

சகலையின் முகம் வெளுத்தது. இதைப் பார்ப்பதற்காகத்தானே பட்டறைக்காரர் மத்தியானத் தூக்கத்தை விட்டார்? பார்த்தார். ஒரு நிமிஷம், உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், தித்தித்தது.

"என் தப்புதான் மாமா" என்றார் சகலை. "எப்படி விட்டேன்னு தெரியல. ஆனா வேலை என்னோடது, தப்பும் என்னோடதுதான்."

மாமனார் முக்காலியிலிருந்து எழுந்தார். ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சகலையின் தோளில் கை வைத்து, "மனுஷன் கைதானே மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை, முகச் சுருக்கம் இல்லை.

தித்திப்பெல்லாம் பட்டறைக்காரருக்குத் தொண்டையிலேயே கசந்தது. மனுஷன் கைதானே! இரண்டு வருஷத்தில் இரண்டு கேஸ்கெட் எரிந்து, தலை குனிந்து நின்றபோது இந்த வார்த்தை எங்கே போயிருந்தது? மாமனார் அன்றைக்கெல்லாம் 'ம்' என்று ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு உள்ளே போனவர்தானே? ஜெயித்தாலும் அவனுக்கு, தோற்றாலும் அவனுக்கு. செய்யாத தப்புக்குக்கூட அவனுக்கு ஆறுதல் கிடைக்கிறது, அதுவும் இவர் செய்த தப்புக்கு. இதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அது அவர் தப்பில்ல மாமா" என்றார். குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. "நான்தான் கழட்டினேன். பத்தையும். மத்தியானம் நீங்கல்லாம் படுத்திருக்கும்போது. திரும்ப இறுக்கினதும் நான்தான்."

மனைவி வாசற்படியில் அப்படியே நின்றாள். மாமனார் திரும்ப முக்காலியில் உட்கார்ந்தார்.

"எதுக்கு?"

"வயித்தெரிச்சல்."

வேறு எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டு நின்றார். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், 'மனுஷன் கைதானே' என்ற அந்த வார்த்தைக்காகத்தான் நின்றார். தப்பை ஒப்புக்கொண்டால் சகலைக்குச் சொன்னதை இவருக்கும் சொல்ல வேண்டியதுதானே?

"கேஸ்கெட் ரெண்டு தடவை போச்சு" என்றார் மாமனார் நிதானமாக. "ரெண்டு தடவையும் கேஸ்கெட் மட்டம்னீங்க. ஒரே ஒரு தடவை, என் கைல ஏதோ கோளாறு மாமான்னு சொல்லியிருந்தா, இதே வார்த்தையை உங்களுக்கும் சொல்லியிருப்பேன். சொல்றதுக்குத் தயாராத்தான் இருந்தேன்."

"இப்ப?" என்று கேட்டே விட்டார் பட்டறைக்காரர்.

"இப்ப முதல்ல அதைச் சரி பண்ணுங்க."

சகலை கோபப்பட்டிருக்கலாம். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் கேட்டது வேலை தெரிந்தவன் கேட்கிற கேள்வி. "எந்தப் பக்கம் நின்னு இறுக்கினீங்க அண்ணே?" பட்டறைக்காரர் காட்டினார். "அந்த வரிசையையும் இங்கேருந்தேவா?" என்றார் சகலை. பிறகு அவர் பார்வை ஆணியில் தொங்கிய பழைய கேஸ்கெட்டுகளுக்குப் போனது. பட்டறைக்காரரும் பார்த்தார். இரண்டு வருஷமாக எத்தனை பேருக்கு எடுத்துக் காட்டியிருப்பார்! இரண்டும் ஒரே மூலையில், சுவர் பக்கத்து மூலையில் எரிந்திருந்தன. வண்டி சுவரை ஒட்டி நின்றது, இவர் இந்தப் பக்கம் நின்றார், நீட்டிய கைக்கு அந்தப் பக்கம் பலம் போகவில்லை.

பத்தையும் வரிசைப்படி தளர்த்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். முன் வரிசைக்குச் சகலை, சுவர் பக்கத்துக்குப் பட்டறைக்காரர். ரெஞ்ச் எஞ்சினுக்கு மேலே கைமாறிக் கைமாறிப் போனது. முதல் 'டக்' கையில் வந்தபோது பட்டறைக்காரருக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம். கூடவே, இந்தச் சத்தத்தைப் பதினைந்து வருஷமாகத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிற ஆளின் மேல் புதிதாக ஒரு பொறாமை. மாமனார் வரிசையைப் படித்துக்கொண்டே இருந்தார். முக்காலி சகலை பக்கம்தான் கிடந்தது.

மறுநாள் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டினார்கள். மத்தியானம் வரைக்கும் ஆறவிட்டார்கள். சகலை ரெஞ்சைப் பட்டறைக்காரரிடமே கொடுத்தார். பத்து போல்ட்டும் அசையாமல் 'டக்' என்றன. மூலையில் ஈரம் இல்லை. கேஸ்கெட் பிழைத்துக்கொண்டது.

ரெஞ்சைப் பூஜ்யத்துக்குத் திருகி வைத்துவிட்டுப் பட்டறைக்காரர் சுவரடிக்குப் போனார். ஆணியில் தொங்கிய இரண்டையும் கழற்றினார். தூசியைத் தட்டினார். முக்காலிக்கு எதிரே வந்து நின்றார்.

"ரெண்டும் நல்ல கேஸ்கெட்தான் மாமா" என்றார். "என் கைலதான் கோளாறு."

மாமனார் முக்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "மனுஷன் கைதானே மாப்பிள்ளை" என்றார்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது பட்டறைக்காரருக்கு. ஆனால் மாமனார் இவர் தோளில் கை வைக்கவில்லை. நேற்றுச் சகலைக்கு வைத்தார். அதையும் இவர் கவனிக்கத்தான் செய்தார்.